கண்டுபிடித்தவர் என்ற கட்டம்

கிண்டி, சென்னை
12 மே 2025

அன்புள்ள மச்சானுக்கு,

எழில் எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். அங்கே நீங்களும் பொன்மணியக்காவும் சுகம்தானே? அக்காவின் முழங்காலுக்கு நான் வாங்கி அனுப்பிய தைலம் கேட்டதா?

போனில் பேசுகிறவள் தபாலில் வருகிறாளே, கொழுந்தியாளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. காரணம் சொல்கிறேன். போன வாரம் எங்கள் காப்புரிமை வக்கீல் அலுவலகத்தில் என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. ஆமத்தூர்ப் பக்கம் நீங்கள் போர்மேனாக இருக்கும் அதே பட்டாசுக் கம்பெனி. புகை குறைந்த பூச்சட்டி; கோப்பில் புஸ்வாணம் என்று இருக்கிறது. உங்கள் சின்ன முதலாளி அன்பரசன் போன நவம்பர் 27 அன்று முதல் விண்ணப்பம் போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறார். ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும். கண்டுபிடித்தவர் யார் என்ற உறுதிமொழியையும் அதோடு கொடுக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் போடச் சொல்லி அவர் அனுப்பியிருப்பது உங்கள் பெயர்.

என் அதிகாரி செல்வநாயகம் சாரிடம் உறவைச் சொல்லிவிட்டேன். "மறைக்காம சொன்னியே, அது போதும். நீ எழுது, நான் சரிபாக்குறேன்" என்றார்.

சிக்கல் இதுதான். அன்பரசன் அனுப்பிய விவரம் முப்பத்தெட்டுப் பக்கம். எழுதியது ஏஐ. கலவையைச் சொன்னதும் ஏஐ என்று அவரே போனில் சொன்னார். "மெஷின் இருநூத்திப் பன்னெண்டு கலவை குடுத்துச்சு மேடம். நாலு போட்டுப் பாத்தோம், ஒண்ணு தேறுச்சு." இந்த முப்பத்தெட்டுப் பக்கத்தில் மனிதர் ஒருவரும் தென்படவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் எங்களுக்கு மாதம் ஆறோ ஏழோ கண்டுபிடிப்பு வரும். இப்போது அறுபது வருகிறது. எல்லாம் ஒரே ஆள் எழுதியது போல வழவழவென்று இருக்கும். நாட்டில் காப்புரிமை விண்ணப்பங்கள் கூடிவிட்டன என்று செய்தி வந்தால் சார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கூடட்டும். அதுல யோசிச்ச மனுஷன் எத்தன பேருன்னு யாராவது எண்ணுனா நல்லாருக்கும்" என்பார். அந்தக் கட்டத்தில் மெஷினின் பெயர் வர முடியாது. யோசித்த மனிதரின் பெயர்தான் வர வேண்டும்.

அதனால் நீங்கள் செய்தது என்ன என்பதை உங்கள் கையால், பேனாவால் எழுதி அனுப்புங்கள். டைப் செய்தால் எது நீங்கள், எது மெஷின் என்று எனக்குத் தெரியாது. இன்னொன்று, விண்ணப்பம் போகும்வரை வெளியாள் யாரும் இந்தப் பூச்சட்டியைப் பார்க்கக் கூடாது. ஷெட்டில் ஆட்கள் இருக்கும்போது கொளுத்திப் பார்க்க வேண்டாம்.

நான் ஹாஸ்டலில் இருந்தபோது உங்கள் கடிதத்தின் கடைசியில் அக்கா இரண்டு வரி எழுதுவாள். இதிலும் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
எழில்


ஆமத்தூர்
28 மே 2025

அன்புள்ள எழிலுக்கு,

மச்சான் முனியராஜ் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்காவும் நலமே. உன் உடம்பைப் பார்த்துக்கொள். கடைச் சோறு தின்னாதே.

நீ கேட்டபடி எழுதுகிறேன். போன வருடம் ஆடி மாதம் சின்ன முதலாளி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "முனியராஜ் அண்ணே, இனி மருந்துக் கணக்கு இது சொல்லும்" என்றார். சொன்னது. அது சொன்ன அளவுப்படி நான் கலந்தேன். நான்காவது கலவை நன்றாகப் பூத்தது, புகை பாதிக்குப் பாதி இல்லை. இதில் நான் செய்தது தராசில் நிறுத்ததும் கலந்ததும். வேறொன்றும் இல்லை.

ஆனால் காகிதக் கூட்டில் அடைத்து வைத்தால் எட்டே நாளில் நமத்துப்போகிறது. திரி பற்றும், பொறி கொஞ்சம் வரும், பிறகு அணைந்த மாதிரி இருக்கும், திடீரென்று சீறும். இப்படி ஒரு சரக்கை லோடு ஏற்ற முடியாது. அதற்குத்தான் இப்போது வழி பார்க்கிறோம்.

என் பெயரைப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. லைசென்சில் போர்மேன் பெயர் போடுவது போலத்தானே இதுவும்? பெயர் ஒருவருடையது, வேலை இன்னொருவர் பார்ப்பார். இந்தப் பக்கத்தில் அது புதிதில்லை.

இப்படிக்கு,
முனியராஜ்

எழிலு, முழங்கால் தேவலை. உங்க மச்சான் இந்தக் கடுதாசிய மூணு நாளா எழுதுறாக. பத்தாவது பரிச்சைக்கு இம்புட்டு எழுதியிருந்தா பாஸாகியிருப்பாக. – பொன்மணி


கிண்டி, சென்னை
7 ஜூன் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலம் அறிந்து மகிழ்ச்சி. அக்காவின் வரிகளைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

உண்மையை எழுதியதற்கு நன்றி. நிறுத்ததும் கலந்ததும் கண்டுபிடிப்பு ஆகாது. ஆனால் நமத்துப்போகாமல் இருக்க யாராவது ஒரு வழி கண்டால் அது ஆகும். மெஷின் அதற்கும் வழி சொல்லியிருக்கும். அதை விட்டுவிட்டு நீங்களாகப் பார்த்தது எது என்று எழுதுங்கள்.

பெயர் விஷயத்தில் நீங்கள் நினைப்பது தவறு. இது இரவல் கொடுக்கிற பெயர் இல்லை. பொய்ப் பெயர் போட்டது பின்னால் தெரிந்தால் முழு உரிமையும் ஆட்டம் கண்டுவிடும்.

எப்போது மறுபடி சோதிக்கிறீர்கள்? ரகசியம் என்று நான் சொன்னதை மறக்க வேண்டாம்.

அன்புடன்,
எழில்


ஆமத்தூர்
13 ஜூலை 2025

அன்புள்ள எழிலுக்கு,

மச்சான் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சீசன் நெருங்குகிறது, வடக்கே இருந்து ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது.

நமப்புக்கு வழி கிடைத்துவிட்டது. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, இடித்து, பசையாகக் காய்ச்ச வேண்டும். ஒரு கொதி போதாது. ஆறவைத்து இரண்டாம் முறை கொதிக்கவிட வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம். பூச்சட்டியின் காகிதக் கூட்டுக்கு உள்பக்கம் அந்தப் பசையை மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சும் நிழலில் காய்ந்தபிறகு, கரண்டிக் காம்பால் வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். அப்படிச் செய்த கூட்டில் மருந்தை அடைத்து இருபது நாள் வைத்தும் நமத்துப்போகவில்லை. பூச்சில்லாத கூடு பழையபடிதான்.

இதை எழுதிக்கொள். என் பெயரிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
முனியராஜ்


கிண்டி, சென்னை
19 ஜூலை 2025

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்க வேண்டும்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். சாரிடம் காட்டினேன். "இது புதுசா இருக்கும்போல. பசை பழசு, கூடு பழசு, இந்தக் கலவையோட சேத்தது யாருக்கும் தோணாதது" என்றார். தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். உங்களுக்குப் பசை காய்ச்சத் தெரியுமா? பதினேழு வருடமாக வீட்டில் உட்கார்ந்து காகிதக் கூடு ஒட்டுவது அக்கா. சின்ன வயதில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒட்டியிருக்கிறேன். கரண்டிக் காம்பால் தேய்க்கிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் கட்டைவிரலால் தேய்ப்பார்கள்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தில் அவள் ஏன் எழுதவில்லை? போன் பண்ணினால் நல்லா இருக்கேன் என்கிறாள். வீடியோவில் கூப்பிட்டால் போனை அலமாரியில் சாத்தி வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று பேசுகிறாள். முகம் மட்டும்தான் தெரிகிறது. என்ன விஷயம்?

பதிலை எதிர்பார்க்கும்,
எழில்


ஆமத்தூர்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள எழிலுக்கு,

அனைவரும் நலம். வேலை அதிகம். உன் அக்காவுக்கும் கூடு ஆர்டர் அதிகம், அதனால் எழுத நேரம் இல்லை.

கேட்டது எல்லாம் எழுதிவிட்டேன். என் பெயரைப் போட்டு முடித்துவிடு. சின்ன முதலாளியும் அதையே சொல்கிறார். மேற்கொண்டு கேட்க வேண்டாம்.

முனியராஜ்


கிண்டி, சென்னை
16 ஆகஸ்ட் 2025

மச்சானுக்கு,

நலமா என்று கேட்க இன்று மனம் வரவில்லை.

மெஷின் யோசித்ததற்கு உங்கள் பெயரைப் போடக் கேட்டபோது, இல்லை என்று நேர்மையாக எழுதினீர்கள். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் அக்கா யோசித்ததற்கு மட்டும் உங்கள் பெயர் போட வேண்டுமா? மெஷினுக்குக் கொடுத்த மரியாதைகூட அவளுக்கு இல்லையா?

நான் எழுத மாட்டேன். எங்கள் அலுவலகத்திலிருந்து அந்த உறுதிமொழி போகாது.

எழில்


ஆமத்தூர்
31 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை எழிலுக்கு,

அக்கா பொன்மணி எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க நம் முத்தாலம்மன் துணை.

எழுத்து கோணலாக இருக்கும். இடது கை. இந்த ஒரு தாளுக்கு நாலு நாள் ஆனது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு என்னிடம் கொடுத்துவிட்டார். இனி நான் சொல்வதுதான் சரி.

பசை என் யோசனைதான். கூடு நமத்தால் ஓரம் பிரியும், அதற்கு உள்ளே பூசுவேன். அதையே மருந்துக்கும் பூசினால் என்ன என்று சோறு வடிக்கும்போது தோன்றியது. நாற்பது கூடு பூசிக் கொடுத்தேன். அவர் மருந்து அடைத்தார். இருபது நாள் வைத்தோம். ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை கொளுத்திப் பார்த்தோம். ஞாயிறு ஷெட் திறக்க அனுமதி இல்லை. நான் கம்பெனிப் பதிவில் உள்ள ஆளும் இல்லை, வீட்டில் ஒட்டுகிறவள். ஆனால் யாரும் பார்க்கக் கூடாது என்று நீ எழுதியதால், ஆள் இல்லாத நாள் அதுதான் என்றார் அன்பரசன் தம்பி. நாங்கள் மூன்று பேர்தான் போனோம்.

பூச்சுப் போட்டது எல்லாம் அழகாகப் பூத்தது. பூச்சு இல்லாதது ஒன்று அணைந்துவிட்டது. அணைந்ததென்று நினைத்துக் கை நீட்டினேன். சீறியது. வலது கை. இப்போது புண் ஆறிவிட்டது. இரண்டு விரல் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அடுப்பில் சுட்டது என்று சொல்லச் சொன்னார் தம்பி. சொன்னேன்.

அவரைத் திட்டாதே. 2019-இல் வேறொரு கம்பெனியில் ஷெட் வெடித்தபோது அவர் அருப்புக்கோட்டையில் காதுகுத்து வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தார் என்று உனக்குத் தெரியும். பேப்பரில் போர்மேன் என்று அவர் பெயர் இருந்தது. நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தார். உனக்குத் தெரியாதது இது. அன்றிலிருந்து எந்தப் பேப்பரிலும் என் பெயர் வர விடமாட்டார். சமையல் கேஸ் புத்தகம்கூட அவர் பெயரில்தான். மகளிர் குழுவில் தலைவியாகக் கேட்டார்கள், கூடாது என்று சண்டை. "கம்பெனிப் பேப்பர்ல பேர் இருக்கிறவனத்தாம்டி போலீஸ் தேடி வரும். எம் பேரு ஏற்கெனவே கெட்ட பேரு, இன்னொண்ணுல இருந்துட்டுப் போகட்டும்" என்கிறார். அவர் என் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை எழில். ஒளித்து வைக்கிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கட்டத்தில் என் பெயர் இருந்தால் போலீஸ் வருமா?

பொன்மணி


கிண்டி, சென்னை
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

இருவரும் சேர்ந்து படியுங்கள்.

முதலில் மச்சானிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டாவது, யாரும் பார்க்கக் கூடாது என்று எழுதியது நான். ஆளில்லாத ஷெட் எப்படி இருக்கும் என்று யோசிக்காமல் எழுதினேன். இந்த மேசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் எழுதுகிற வரி அது. அந்த வரிதான் உங்களை ஞாயிற்றுக்கிழமை அங்கே கொண்டுபோனது. இதைச் சமாதானம் சொல்லிக் கழிக்க முடியாது.

அக்கா, நீ கேட்டதற்குப் பதில். அந்தக் கட்டத்தில் பெயர் இருப்பதால் போலீஸ் வராது. அது பொறுப்பாளி யார் என்று சொல்கிற கட்டம் இல்லை, யோசித்தது யார் என்று சொல்கிற கட்டம். ஆனால் சோதனை எப்போது, எங்கே, யார் முன்னால் நடந்தது என்று ஒரு வாக்குமூலம் எங்கள் கோப்பில் இருக்க வேண்டும் என்கிறார் சார். அதில் ஞாயிற்றுக்கிழமை வரும். அது வெளியே வந்தால் சிக்கல் கம்பெனிக்கும் பேப்பரில் போர்மேனாக இருக்கிற மச்சானுக்கும். பொய்யான ஆறுதல் சொல்ல விரும்பவில்லை.

இன்னொரு செய்தி. போன மாதம் வெளியான விண்ணப்பங்களில் சார் ஒன்றைக் கண்டெடுத்தார். வேறு ஊர், வேறு கம்பெனி. உங்களுக்கு முன்பே போட்டிருக்கிறார்கள். கலவை கிட்டத்தட்ட அதே கலவை. அவர்களும் அதே மெஷினிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அது அதே பதிலைச் சொல்லியிருக்கிறது. இன்னும் எத்தனை பேர் கேட்டார்களோ. அதனால் அந்த முப்பத்தெட்டுப் பக்கத்தில் கம்பெனிக்கென்று மிஞ்சப்போவது எதுவும் இல்லை. மிஞ்சுவது உன் பசை மட்டும்தான். நீ சம்பள ஆள் இல்லை. ஆகவே நீ எழுதிக் கொடுக்காமல் கம்பெனி அதற்கு உரிமை கேட்கவும் முடியாது. அன்பரசனிடம் சார் இதைச் சொல்லிவிட்டார்.

முடிவு உன்னுடையது. எதுவானாலும் நான் உன் பக்கம்.

கையைத் தினமும் வெந்நீரில் அசைத்துக் கொடு.

எழில்


ஆமத்தூர்
9 அக்டோபர் 2025

அன்புள்ள எழிலுக்கு,

மச்சான் எழுதிக்கொண்டது. நலம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை சின்ன முதலாளி இருவரையும் ஆபீசுக்கு வரச் சொன்னார். உன் அக்கா கையைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தாள். அவர் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"பொன்மணியக்கா பேரத்தான் போடணுமாம்ண்ணே, சென்னையில சொல்றாக. அவக கூடு ஒட்டுறவுக. கலவை மெஷின் குடுத்தது. எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார் என்னைப் பார்த்து.

பதில் சொன்னது அவள். "தம்பி, நமத்துப்போகுதுன்னு மெஷின்கிட்டக் கேட்டீகள்ல? என்ன சொல்லுச்சு?"

"பதினாலு வழி சொல்லுச்சுக்கா."

"செஞ்சு பாத்தீகளா?"

"பாத்தோம். பிளாஸ்டிக்கு உறை உருகிப்போச்சு. மெழுகு பூசுனா கூடே எரிஞ்சுபோச்சு."

"புளியங்கொட்டைய வறுக்கச் சொல்லுச்சா?"

"அது எப்படிக்கா சொல்லும்?"

"அதத்தான் நானும் சொல்றேன். நீக அதுக்கு மாசாமாசம் வேற கட்டுறீகளாம்ல."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட பிள்ளை இல்லை, எழில். பயந்த பிள்ளை. "சரிக்கா, உங்க பேரையே போட்ருவோம். ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. எழுதிக் குடுக்கிற பேப்பர்ல ஞாயித்துக்கெழம வேணாம். திங்கக்கெழம, ஜூன் இருபத்திமூணுன்னு போட்ருங்க. அன்னிக்கு ஷெட்டுக்கு அனுமதி இருக்கு. கை அடுப்புல சுட்டது அடுப்புல சுட்டதாவே இருக்கட்டும். யாருக்கும் நட்டமில்ல" என்றார்.

நான் தலையை ஆட்டிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், ஆட்டிவிட்டேன். எனக்கு அது நல்ல வழியாகத் தெரிந்தது.

உன் அக்கா துண்டை எடுத்துக் கையை மேசைமேல் வைத்தாள். "திங்கக்கெழம நான் கட்டுப் போட்டுக்கிட்டுக் கெடந்தேன் தம்பி. அன்னிக்கு நான் ஒண்ணையும் கண்டுபிடிக்கல. கெழமைய மாத்துனா எம் பேரு வேணாம்" என்றாள். எழுந்து வெளியே போய் வண்டிப் பக்கத்தில் நின்றாள்.

வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது, "தலைய ஆட்டுனீகளே, அங்கன இருந்த மூணு பேருல யாருக்குக் கை வெந்துச்சு?" என்றாள்.

திங்கட்கிழமை காலை லீவு சொல்லிவிட்டுச் சூலக்கரையில் பட்டாசு லைசென்சு பார்க்கிற கவர்மென்ட் ஆபீசுக்குப் போனேன். போர்மேன் என்ற முறையில் எழுதிக்கொள்வது என்று ஆரம்பித்து, ஜூன் 22 ஞாயிற்றுக்கிழமை அனுமதி இல்லாமல் ஷெட் திறந்ததையும், பதிவில் இல்லாத என் மனைவியை உள்ளே விட்டதையும், காயத்தை மறைத்ததையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வாங்கின எழுத்தர் இரண்டு முறை படித்தார். "யாரு புகார் குடுத்தது?" என்றார். "யாருமில்ல." "பெறகு நீக என்னத்துக்கு வந்தீக?" "பேப்பர்ல எம் பேரு இருக்கு சார்" என்றேன்.

ஷெட்டுக்குச் சீல் வைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை என் போர்மேன் சான்று ஆறு மாதம் நிறுத்தம். கைது இல்லை. உன் அக்காவிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். தன் பெயரை முழுதாகச் சொன்னாள்.

இனி நீ அந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
முனியராஜ்


கிண்டி, சென்னை
8 நவம்பர் 2025

அன்புள்ள மச்சானுக்கும் அக்காவுக்கும்,

இங்கே நலம். மழை. தீபாவளிக்கு வர முடியாததற்கு அக்கா திட்டித் தீர்த்துவிட்டாள், அதனால் அவள் உடம்பு தேறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டு செய்தி. நான் அந்தக் கோப்பிலிருந்து விலகிவிட்டேன். "நீ அக்கா பக்கம் நின்னா இந்த மேசையில நிக்க முடியாது. கம்பெனிதான் நமக்குக் கட்சிக்காரங்க" என்றார் சார். அவர் சொல்வது சரி. ஆகவே இது அலுவலகத்துக் கடிதம் இல்லை, தங்கச்சியின் கடிதம். அக்கா தனக்கென்று ஒரு வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும். விருதுநகரில் ரீனா என்று என்னோடு படித்தவள் இருக்கிறாள். சொல்லிவிட்டேன்.

மெஷின் சொன்ன கலவைக்கு உரிமை கேட்கும் பகுதியை சார் முழுதாக வெட்டிவிட்டாராம். முப்பத்தெட்டு இப்போது ஒன்பது பக்கம்.

அக்கா, நேற்று நீ போனில் கேட்டதை யோசித்தேன். "பசை உரிமையக் கம்பெனிக்கு நான் எழுதிக் குடுக்கிற பேப்பர்ல நம்ம வரி ஒண்ணு சேக்கலாமா?" என்றாய். சேர்க்கலாம். அன்பரசன் ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்கிறாள் ரீனா. இந்த மாதிரி ஒரு வரியை இத்தனை வருடத்தில் எந்தப் பத்திரத்திலும் நான் பார்த்ததில்லை. இருபத்தேழாம் தேதி கெடு. உன் கையெழுத்து இல்லாமல் அவர்களிடம் ஒன்றும் இல்லை. ஆகவே அவசரப்பட்டு அந்த வரியை விட்டுக்கொடுக்காதே.

எழில்


ஆமத்தூர்
14 டிசம்பர் 2025

அன்புள்ள எழிலுக்கு,

மச்சான் முனியராஜ் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்காவும் நலம். நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும்.

விண்ணப்பம் நவம்பர் 25 அன்று போய்விட்டது என்று ரீனா சொல்லியிருப்பாள். கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் பொன்மணி என்று இருக்கிறது. ஒரே பெயர்தான். நகலைக் கொடுத்தார்கள். உன் அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கேஸ் புத்தகத்தோடு சேர்த்து வைத்தாள். அந்தப் புத்தகத்திலும் பெயரை மாற்ற விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறேன்.

அவள் சேர்த்த வரிக்குச் சின்ன முதலாளி பத்து நாள் இழுத்தார். கடைசி மூன்று நாள் இருக்கும்போதுதான் கையெழுத்துப் போட்டார். கம்பெனியின் எந்த ஷெட்டானாலும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கோ சோதனைக்கோ திறக்கப்பட்டால், பசைக்கான உரிமை முழுவதும் பொன்மணிக்கே திரும்பும். அவ்வளவுதான் அந்த வரி.

டிசம்பர் முதல் தேதி சீலை எடுத்துவிட்டார்கள். புதுப் போர்மேன் தங்கப்பாண்டியன் என்று ஒரு பையன், சான்று வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. நான் ஒரு அச்சகத்தில் காகிதக் கட்டு ஏற்றி இறக்குகிறேன். முதுகு கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. உன் அக்கா கூடு ஒட்டுவதில்லை, பசை காய்ச்சுகிற இடத்தில் நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். விரல் இரண்டும் அப்படியே இருக்கின்றன. மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன வியாழக்கிழமை தங்கப்பாண்டியன் வீட்டுக்கு வந்தான். கல்யாண சீசனுக்கு ஒரு பெரிய லோடு நிற்கிறதாம். "அண்ணே, ஞாயித்துக்கெழம காலையில ரெண்டே மணி நேரம் தெறந்தா அந்தப் பேப்பர்ல சொன்னதுக்குள்ள வருமான்னு சின்னவரு கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றான். அடுப்படியிலிருந்து உன் அக்கா, "ரெண்டு மணி நேரமா? எனக்கு ரெண்டு நொடிதாம்ப்பா ஆச்சு. காப்பி குடிச்சிட்டுப் போயி, சின்னவரு வராதுன்னு சொன்னா வரும்னு சொல்லு, வரும்னு சொன்னாலும் வரும்னே சொல்லு" என்றாள். அவன் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

சொன்னானோ, அவர் கேட்டாரோ தெரியவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிவரை போனேன். கேட் பூட்டியிருந்தது. உள்ளே சத்தம் எதுவும் இல்லை. பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

உன் அக்கா, "பூட்டப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போனீக?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்த ஞாயிறு அவளும் வருகிறாளாம்.

இப்படிக்கு,
மச்சான் முனியராஜ்